கரண்ட் போனால் ஆபத்து எங்கே? மின்தடைக்கு முன், நடுவில், பின்

"உங்க ஏரியாவுல கரண்ட் இருக்கா?"

தாமான் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வி விழுந்த அடுத்த நிமிடமே பதில்கள் குவியும். ஒருவர் டிஎன்பியைத் திட்டுவார். இன்னொருவர் எங்கேயோ ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்பார். மூன்றாமவர் எதுவும் எழுதாமல் அலமாரியில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருப்பார்.

இந்த மூன்று பேரில் நாம் கவலைப்பட வேண்டியது மூன்றாமவரைப் பற்றித்தான்.

மின்தடை எரிச்சல் தரும், வேலையைக் கெடுக்கும், சில நேரம் பணமும் செலவாகும். ஆனால் ஆட்களுக்குக் காயமும் உயிரிழப்பும் பெரும்பாலும் ஏற்படுவது விளக்கு அணைந்த நொடியில் அல்ல. அதற்குப் பிறகு வரும் சில மணி நேரத்தில், கரண்டுக்குப் பதிலாக நாம் எதையோ வீட்டுக்குள் கொண்டு வரும்போதுதான்.

சமீபத்திய உதாரணம் ஸ்பெயின். 2025 ஏப்ரல் 28, மதியம் 12.33 மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஏறக்குறைய முழுவதுமாக மின்சாரத்தை இழந்தன. மறுநாள் காலைக்குள் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் திரும்பிவிட்டது. அந்த இடைவெளியில் கலீசியா வட்டாரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வீட்டுக்குள் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. மட்ரிட்டில் வீடு தீப்பிடித்து ஒரு பெண் இறந்தார். தீ ஒரு மெழுகுவத்தியிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று அப்போது வந்த தகவல்கள் கூறின.

ஒரு ஜெனரேட்டர், ஒரு மெழுகுவத்தி. இரண்டுமே நம் வீடுகளிலும் இருக்கிற பொருள்கள்தான்.

கரண்ட் ஏன் போகிறது என்று தெரிந்தால், போன பிறகு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் ஓரளவு புரிந்துவிடும். அதனால் வீட்டிலிருந்து ஆரம்பித்து, தாமான், பிறகு நாடு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்ம வீட்ல மட்டுமா போச்சு?

முதலில் ஜன்னல் வழியாக வெளியே பாருங்க. தெருவிளக்கு எரிகிறதா? பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா? இருந்தால் பிரச்சினை உங்கள் டிபி பாக்ஸில் இருக்கலாம்.

அந்தப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும் சிறிய சுவிட்சுகள் எம்சிபி. ஒரு வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் அவை கீழே விழும். அவற்றுக்குப் பக்கத்தில், 'டெஸ்ட்' பொத்தானோடு கொஞ்சம் பெரிதாக இருப்பதைத்தான் நாம் இஎல்சிபி என்கிறோம். ஆர்சிசிபி என்றும் எழுதியிருக்கும்.

இஎல்சிபியின் வேலை எளிமையானது. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். குறைவாகத் திரும்பினால், மீதி எங்கேயோ கசிகிறது என்று பொருள். ஈரச் சுவர் வழியாகக் கசியலாம், பழுதான கெட்டில் வழியாகக் கசியலாம், ஒரு மனித உடல் வழியாகவும் போகலாம். அந்தக் கசிவு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், கண் இமைக்கும் நேரத்துக்குள் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளின்படி, கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்கும் கருவி தேவை. குளியலறை வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பழைய வீடு வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் இதைக் கேட்டுப் பாருங்க.

ஆக, 'ட்ரிப்' ஆகிவிட்டது என்றால் ஏதோ கெட்டுப்போச்சு என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு பாதுகாவலன் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றும் பொருள்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கை உலர்ந்திருக்கணும், நிற்கிற தரையும் உலர்ந்திருக்கணும். எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்க. இஎல்சிபியை மேலே தூக்குங்க. பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளுங்க. எதைத் தள்ளும்போது இஎல்சிபி மறுபடியும் விழுகிறதோ, அந்த இணைப்பில்தான் பிரச்சினை. அதைக் கீழேயே விட்டுவிட்டு, அதில் செருகியிருக்கும் சாதனங்களைக் கழற்றிப் பாருங்க. அப்படியும் நிற்கவில்லை என்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்க. சுவிட்சை டேப் போட்டு ஒட்டி வைப்பதும், இஎல்சிபியையே கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பதும், காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம்.

மாதம் ஒருமுறை அந்த 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்க. சுவிட்ச் கீழே விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எதிர் வீட்ல இருக்கு, நம்ம வீட்ல இல்ல. எப்படி?

இது குரூப்பில் அடிக்கடி சண்டை கிளப்பும் கேள்வி. பதில் மூன்று ஃபேஸில் இருக்கிறது.

மின்நிலையத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் 500, 275, 132 கிலோவோல்ட் என உயர் அழுத்தத்தில் பெரிய கோபுரங்கள் வழியாக வருகிறது. நகரத்துக்குள் அது 33, 11 கிலோவோல்ட்டாகக் குறைகிறது. தாமானில் 'பென்சாவாங்' என்று நாம் சொல்லும் துணை மின்நிலையத்தில் கடைசியாக வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. அங்கிருந்து மூன்று ஃபேஸ்களில் தெருவுக்கு வருகிறது. சாதாரண இணைப்புள்ள வீடு ஒன்றுக்கு அந்த மூன்றில் ஒரு ஃபேஸ் மட்டும் கிடைக்கும். வரிசை வீடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஃபேஸ் மாறி மாறிப் போகும்.

அதனால் ஒரு ஃபேஸில் மட்டும் பழுது வந்தால், ஒரே லோரோங்கில் சில வீடுகள் இருட்டாகவும் சில வீடுகள் வெளிச்சமாகவும் இருக்கும். யாரும் உங்களை மட்டும் ஒதுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. விளக்குகள் திடீரென்று வழக்கத்தைவிட அதிகப் பிரகாசமாக எரிந்தால், அல்லது சில அறையில் பிரகாசமாகவும் சில அறையில் மங்கலாகவும் இருந்தால், மெயின் சுவிட்சை உடனே இறக்குங்க. நியூட்ரல் வயர் கழன்றிருந்தால் வீட்டுக்குள் மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறலாம். டிவி, பிரிட்ஜ் கருகுவது இப்படித்தான். பிறகு டிஎன்பியின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்க.

தாமான் முழுக்க இருட்டுக்கு யார் காரணம்?

பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்தான். சாலை தோண்டும் இயந்திரம் நிலத்தடிக் கேபிளை வெட்டிவிடும். மரக்கிளை கம்பியில் சாயும். பாம்போ அணிலோ துணை நிலையத்துக்குள் நுழைந்து இரண்டு முனைகளுக்கு நடுவே பாலமாகிவிடும். கேபிள் திருட்டு இன்னொரு காரணம். கருவிகளுக்கு வயதாவதும் உண்டு.

இடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலகிலேயே அதிகம் இடி இடிக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு சுமார் 200 நாள் இடி கேட்கிறது. மின்னல் ஒரு கம்பியைத் தாக்கினால், பாதுகாப்புக் கருவி அந்தக் கம்பியைக் கணநேரம் துண்டித்துவிட்டு மறுபடி இணைத்துப் பார்க்கும். விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு மீண்டும் எரிவதற்கு இது ஒரு காரணம். மறுபடி இணைத்தும் பழுது நீடித்தால்தான் ஆள் வந்து பார்க்கும்வரை இருட்டு.

இத்தனைக்கும் தீபகற்ப மலேசியாவில் 2022-ஆம் ஆண்டில் ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரி மின்தடை சுமார் 45 நிமிடம்தான். அதாவது ஆண்டு முழுவதற்கும் சேர்த்து. சபாவில் நிலைமை வேறு. அங்கே இந்தக் கணக்கு பல மடங்கு அதிகம், உற்பத்தியில் கையிருப்பும் குறைவு. தேவைக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்களில் பகுதி பகுதியாக நிறுத்த வேண்டியிருக்கிறது. 45 நிமிடம் என்பது சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். கோத்தா கினபாலுவிலோ தோட்டப்புறத்திலோ இருக்கும் உறவினரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

நாடே இருண்டு போகுமா?

போயிருக்கிறது. உங்கள் அப்பா அம்மாவிடம் 1996 ஆகஸ்ட் 3 பற்றிக் கேட்டுப் பாருங்க. அன்று மாலை 5 மணி கடந்த சிறிது நேரத்தில், திரெங்கானுவில் பாக்கா மின்நிலையத்துக்கு அருகே உயர் அழுத்தக் கம்பி ஒன்று துண்டிக்கப்பட்டது. அதன் விளைவாக மற்ற மின்நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, தீபகற்பமே இரவு வரை இருளில் கிடந்தது.

2022 ஜூலை 27 அன்று நண்பகலுக்குப் பிறகு, ஜொகூரின் யோங் பெங் வடக்குத் துணை நிலையத்தில் ஒரு கருவி பழுதானது. கிள்ளான் பள்ளத்தாக்கு உட்பட பல இடங்களில் விளக்குகள் அணைந்தன. யோங் பெங்கில் நடந்ததற்கு கோலாலம்பூரில் ஏன் லிஃப்ட் நிற்கணும்?

ஏனென்றால் தீபகற்பம் முழுவதும் ஒரே மின் கட்டமைப்பு. கிரிட் என்கிறோமே, அதுதான். எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 அலைவு என்ற கணக்கில் சுழல்கின்றன. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, ஏறக்குறைய அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். உற்பத்தி திடீரென்று குறைந்தால் தாளம் தளரும். ரொம்பத் தளர்ந்தால் ஜெனரேட்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவையே கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் மீதிக்குச் சுமை கூடும். அப்படியே வரிசையாக விழும்.

இதைத் தடுக்க கட்டமைப்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தாளம் தளர ஆரம்பித்ததுமே, முன்கூட்டித் தேர்ந்தெடுத்த சில பகுதிகளின் மின்சாரத்தைக் கணினி தானாகவே துண்டிக்கும். சில லட்சம் பேருக்குச் சிறிது நேரம் இருட்டு, மற்றவர்களுக்கு வெளிச்சம். உங்கள் வீட்டு இஎல்சிபி செய்யும் அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது.

ஸ்பெயினில் இது வேறு விதமாக நடந்தது. அங்கே தளர்ந்தது முதலில் தாளம் அல்ல. மின்னழுத்தம் கட்டுக்குள் நிற்காமல் உயர்ந்தது. அந்த அழுத்தத்தைத் தாங்காமல் மின்நிலையங்கள் நொடிக்கணக்கில் அடுத்தடுத்துக் கழன்றுகொண்டன. தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு செயல்பட்டும் அதைத் தடுக்க முடியவில்லை.

முழுக் கட்டமைப்பும் விழுந்துவிட்டால் ஒரே சுவிட்சில் திரும்ப வராது. பெரிய மின்நிலையம் ஒன்றைத் தொடங்கவே மின்சாரம் தேவை. அதனால் நீர்மின் நிலையம் போல் சொந்தமாக எழக்கூடிய ஒன்றை முதலில் எழுப்பி, அதைக்கொண்டு அடுத்ததை எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊர்களை இணைப்பார்கள். "இன்னுமா சரி பண்ணல?" என்று நாம் கேட்கும் மணி நேரங்களில் நடப்பது இது.

இந்த விவகாரம் இனிமேல் நமக்கு இன்னும் நெருக்கமாகும். தீபகற்பத்தின் உச்ச மின்தேவை 2024-ல் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஏர்கோன் கூடுகிறது, மின்கார் வருகிறது, ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. கூரைச் சூரியசக்தியும் பெருகுகிறது, மேகம் வந்தால் அது குறைகிறது. சமநிலையைக் காக்கும் வேலை ஆண்டுக்கு ஆண்டு நுணுக்கமாகிறது.

வெள்ள நேரத்தில் டிஎன்பி ஏன் தானாகவே நிறுத்துகிறது?

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தின்போது சிலாங்கூர், பகாங் உள்ளிட்ட மாநிலங்களில் பல துணை நிலையங்களை டிஎன்பி நிறுத்தியது. ஃபோனில் சார்ஜ் குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் கரண்டையும் நிறுத்தினால் கோபம் வரும்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்க. பென்சாவாங் தரைமட்டத்தில் இருக்கிறது. உள்ளே தண்ணீர் புகுந்தால் கருவி வெடிக்கலாம். அதைவிட மோசம், அந்தத் தண்ணீர் வழியாக மின்சாரம் பாயலாம். இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறவருக்கும், படகில் வரும் மீட்புப் பணியாளருக்கும் அது உயிர் ஆபத்து.

நீங்களும் வீட்டில் அதே வேலையைச் செய்யணும். தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே மெயின் சுவிட்சை இறக்கிடுங்க. சாதனங்களைக் கழற்றி உயரத்தில் வைங்க. தண்ணீர் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது, டிபி பாக்ஸுக்குப் போகத் தண்ணீரில் நடக்கணும் என்றால், போகாதீங்க. வெளியேறி, 15454-க்கோ 999-க்கோ சொல்லுங்க. தெருவில் மின்கம்பம், சாலையோர மின்பெட்டி, அறுந்து தொங்கும் கம்பி எதற்கும் பக்கத்தில் போக வேண்டாம். தாமான் முழுக்க இருட்டாக இருந்தாலும் அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யாதீங்க.

வெள்ளம் வடிந்த பிறகும் அவசரம் வேண்டாம். நனைந்த பிளக்பாயிண்ட் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சேறு இருக்கும். வயர்மேன் பார்த்த பிறகே மெயினை ஏற்றுங்க.

மெழுகுவத்தியும் கிரில் பூட்டும்

கைப்பேசி விளக்கும் ரிச்சார்ஜ் டார்ச்சும் வந்த பிறகு மெழுகுவத்திக்கு உண்மையில் தேவையே இல்லை. ஆனாலும் பல வீடுகளில் சாமி அறையிலிருந்து ஒன்றை எடுத்து வருகிற பழக்கம் இருக்கிறது. ஃபேன் இல்லாததால் ஜன்னலைத் திறப்போம். காற்றில் திரைச்சீலை ஆடும். அசதியில் தூங்கிவிடுவோம்.

இதில் நம் ஊருக்கே உரிய இன்னோர் ஆபத்து உண்டு. முன் கதவில் கிரில், அதில் பூட்டு, ஜன்னலிலும் கிரில், வெளியே ஆட்டோகேட். தீ பிடித்து, கரண்டும் இல்லாத இருட்டில், சாவி எங்கே என்று தேடுவது பயங்கரம். கரண்ட் போனதும் முதல் வேலையாகக் கிரில் சாவியை எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் மாட்டுங்க. ஆட்டோகேட்டைக் கையால் திறக்க ஒரு தனிச்சாவி இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றைக்கே கேளுங்க.

மெழுகுவத்தியைத் தவிர்க்கவே முடியவில்லை என்றால், தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே நிறுத்துங்க. ஆள் இருக்கும் அறையில் மட்டும் வைங்க. படுக்கும் முன் அணைச்சிடுங்க.

ஜென்செட்: வாசனை வராத ஆபத்து

வெள்ளத்துக்குப் பிறகு வீட்டில் ஜென்செட் வாங்குவோர் கூடியிருக்கிறார்கள். அது ஓடும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். காய்ச்சல் வருகிறது போல என்று படுத்துவிடுவோம். படுத்தவர் எழாமலே போகலாம்.

மழை நனைக்கும் என்று ஜென்செட்டைப் போர்ச்சிலோ சமையலறைப் பின்கட்டிலோ வைப்பதுதான் பெரிய தவறு. ஜன்னல் கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் இருக்கணும். கதவைத் திறந்து வைத்தால் போதும், ஃபேன் போட்டால் போதும் என்பதெல்லாம் கணக்கில் சேராது. அந்த அளவு இடம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் ஜென்செட் வேண்டவே வேண்டாம். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டுவதும், மூடிய இடத்தில் கார் இன்ஜினை ஓட்டி ஃபோன் சார்ஜ் போடுவதும் இதே ஆபத்துதான்.

யாருக்காவது இந்த அறிகுறிகள் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வாங்க, 999-க்கு அழையுங்க.

இன்னொன்று. ஜென்செட் வயரைச் சுவரில் உள்ள பிளக்பாயிண்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கலாம் என்று சமூக ஊடகத்தில் வீடியோக்கள் வருகின்றன. அந்த மின்சாரம் உங்கள் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகப் பின்னால் போய், துணை நிலையத்தில் பல ஆயிரம் வோல்ட்டாக உயரும். கரண்ட் இல்லை என்று நம்பி கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் இறந்துபோகலாம். தேவையான சாதனத்தை ஜென்செட்டிலேயே நேராகச் செருகுங்க. வீட்டு வயரிங்கோடு இணைக்கணும் என்றால், மாற்று சுவிட்ச் பொருத்தி வயர்மேன்தான் செய்யணும்.

கூரையில் சோலார் இருந்தா கவலை இல்லையா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலார் அமைப்பு, கிரிட்டில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். காரணம் மேலே சொன்னதுதான்: கம்பியில் வேலை செய்பவரைக் காப்பாற்ற. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டுமே இருட்டில் உதவும். வாங்கும் முன் இதை விற்பனையாளரிடம் நேராகக் கேளுங்க. பகலில் கரண்ட் நின்றிருந்தாலும் கூரைத் தகடுகளில் மின்சாரம் இருக்கும். வெள்ளத்திலும் தீயிலும் அதைத் தொட வேண்டாம்.

பிரிட்ஜில் இருக்கிற சாப்பாடு?

கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். "உருகிடுச்சா பாரு" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

4 மணி நேரத்துக்கு மேல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தேங்காய்ப்பால் குழம்பு, சமைத்த இறைச்சி, மீன், பால், சோறு. சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ருசி பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அம்மா திட்டினாலும் கொட்டிடுங்க.

இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே யோசிக்கணும். பயன்பாட்டில் இருக்கும் பேனா பொதுவாகச் சில வாரம் பிரிட்ஜுக்கு வெளியே தாங்கும், ஆனால் 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கணும். வகைக்கு வகை அளவு மாறும், மருந்தாளரிடம் கேட்டு எழுதி வைங்க. ஐஸ் மேல் நேரடியாக வைத்து உறைய விட்டால் அந்த மருந்து பயன்படாது. ஆக்சிஜன் கருவி, வீட்டு டயாலிசிஸ் போன்றவற்றை நம்பியிருப்போருக்கு, எத்தனை மணி நேரம் தாங்கும், பிறகு எந்த மருத்துவமனைக்குப் போவது என்பது கரண்ட் இருக்கும்போதே முடிவாகி இருக்கணும்.

லிஃப்ட், ஃபோன், தண்ணீர்

லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கதவை நெம்பித் திறக்காதீங்க. இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும் லிஃப்டிலிருந்து குதிப்பதுதான் உண்மையான ஆபத்து. அவசரப் பொத்தானை அழுத்துங்க, காவலரை அழையுங்க, யாரும் வரவில்லை என்றால் 999.

தொலைபேசிக் கோபுரங்களில் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். வீடியோ பார்ப்பதை நிறுத்தி, ஃபோனைச் சிக்கன நிலைக்கு மாற்றுங்க. அடுக்குமாடியில் பம்ப் நின்றால் தண்ணீரும் நிற்கும், அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு வாளி பிடிச்சு வைங்க.

கரண்ட் திரும்பி வரும்போது

போனபோது துணி தேய்த்துக்கொண்டிருந்தீர்களா? அயர்ன்பாக்ஸ் இன்னும் 'ஆன்' நிலையிலேயே இருக்கலாம். நீங்கள் கடைக்குப் போயிருக்கும்போது கரண்ட் வந்தால் அதுவே தீ. அதனால் கரண்ட் போனதும் அயர்ன், அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்து, டிவி, கணினி, மோடம் பிளக்கைக் கழற்றுங்க. வந்தது தெரிய ஒரே ஒரு விளக்கு மட்டும் 'ஆன்'-ல் இருக்கட்டும். வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து, பிரிட்ஜ், ஏர்கோன் என்று ஒவ்வொன்றாகப் போடுங்க. எல்லா வீடும் ஒரே நொடியில் எல்லாவற்றையும் போட்டால், இப்போதுதான் எழுந்த கம்பி மறுபடி விழும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை நீடிக்கும். அதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

* இஎல்சிபியின் 'டெஸ்ட்' பொத்தானை ஒருமுறை அழுத்துங்க.
* கிரில் சாவிக்கும் ஆட்டோகேட் சாவிக்கும் நிரந்தர இடம் வைங்க, வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்க.
* இரண்டு டார்ச்சும் ஒரு பவர்பேங்க்கும் முழு சார்ஜில் இருக்கட்டும்.
* 15454, 999 இரண்டையும் தாத்தா பாட்டி ஃபோனில் சேமியுங்க. மைடிஎன்பி செயலியிலும் மின்தடையைப் புகார் செய்யலாம்.
* ஜென்செட் இருந்தால், 6 மீட்டர் தூரத்தை அளந்து அது நிற்கும் இடத்தை இப்போதே குறியுங்க.

டிபி பாக்ஸ் எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்ச் எது என்பதைப் பல வீடுகளில் ஒருவர் மட்டும்தான் அறிந்திருப்பார். பெரும்பாலும் அப்பா. அவர் வெளியூரில் இருக்கும் இரவில் தண்ணீர் வாசலுக்கு வந்தால் அதை இறக்கப்போவது யார்? அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். இன்று வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்க.